காலடிக்குக் கூலி

லாட் ப்ராவ் சந்தில்
டயர்க் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
என் அறையில் நாற்பது ஜோடிச் செருப்புகள்,
ஒரு சவப்பெட்டி மணல், ஒரு சவப்பெட்டி சரளை.
சவப்பெட்டி என்பது பழக்கதோஷம்.
மீன் வந்த தெர்மோகோல் பெட்டிகள்தாம்.

படம் ஒன்று, பேய் மூன்று,
மூன்று நாட்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்.
பாங்காக்கில் சத்தம் மலிவு என்று
மூன்றும் என்னிடம் நடக்க வந்தன.

முதலில் சியோல்காரி.
அடுக்குமாடிப் படிகளில் ஈரக்காலோடு இறங்குகிறாள்.
இயக்குநர் பியோன் பக்கத்தில் நின்று
விரல்விட்டு எண்ணினார்:
பதினான்காம் படியில் இடற வேண்டும்.
பேய்க்குமா இடறும் என்றேன்.
கடன்காரனுக்குப் பயந்து குதித்தவள்,
அவசரம் இன்னும் தீரவில்லை என்றார்.
அக்காவுக்கும் பேய்க்கும் எங்கள் மொழியில் ஒரே சொல்,
சுருதி மட்டும் வேறு.
அவருக்குச் சுருதி பிடிபடவில்லை.
ஐந்து நாளும் என்னைப்
பேயே, பேயே என்று மரியாதையாக அழைத்தார்.
ஆறாவது டேக்கில் கணுக்கால் சுளுக்கியது.
அதையே வைத்துக்கொண்டார்கள்.
திரையில் கேட்கிற அந்தச் சின்ன ‘க்’
அவளுடையதல்ல.

இரண்டாவது ஹாங்காங். பசித்த கிழவன்.
நடை குறைவு, தீனி அதிகம்.
செலரித் தண்டை முறித்தால் விரல்.
முட்டைக்கோஸைத் திருகினால் கழுத்து.
கனிந்த பப்பாளியை ஈரத்துணியில் சுற்றிப் பிழிந்தால்
அது வேறு.
லெளங் அம்மையார் கண்மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:
‘இவ்வளவு அசிங்கமாக வேண்டாம்.
இவன் என் மாமனார் மாதிரி.
வாயை மூடித்தான் மெல்லுவான்.’
மீந்த உடலை மத்தியானம்
மீன்சாறும் பச்சைமிளகாயும் போட்டுத்
தின்று தீர்த்தோம் நாங்கள் நால்வரும்.

மூன்றாவது ஓசாகா.
குசுனோகி இடுப்புவரை வளைந்து வணங்கி
மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்:
எங்கள் பேய்க்குக் கால் கிடையாது.

எங்களிடமும் உண்டு அப்படி ஒன்று,
தலையும் குடலுமாய் வயல்மேல் பறக்கும்.
ஆனால் அது சொட்டும்.
சொட்டினால் போதும், நான் பிழைத்துக்கொள்வேன்.
இவள் சொட்டவும் மாட்டாளாம்.

துணி உரசல்?
வேண்டாம்.
காற்று?
தலையை ஆட்டினார்.
பாய் அழுந்துகிற ஓசை?
கொஞ்சம் யோசித்தார். அதுவும் வேண்டாம்.
அவள் அறைக்குள் வந்துவிட்டாள், அது மட்டும் வேண்டும்.

இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை.
கீழே டயருக்குக் காற்றடிக்கிறவனைக்கூடத் திட்டினேன்.
மூன்றாம் நாள் இரவு, மழை விட்ட பிறகு,
ஆளில்லாத அறையைப் பதிவு செய்தேன்.
பிறகு உள்ளே போய்
மூச்சைப் பிடித்து நின்றேன், வெறுங்காலோடு.
விட்டேன். மறுபடி பிடித்தேன்.
விட்ட இடங்களை வெட்டி ஒட்டினோம்.
உடம்பு கொஞ்சம் ஓசையைக் குடிக்கும்.
ஆள் இல்லாத மௌனத்தைவிட
ஆள் நிற்கிற மௌனம் ஓர் இழை தடிமன்.
இரண்டு நிமிடம், பதினோரு விநாடி.
குசுனோகி ஹெட்போனைக் கழற்றாமலே
கதவைத் திரும்பிப் பார்த்தார்.

கணக்கர் பிரசெர்ட்டிடம் ஒரு தாள் இருந்தது.
கொரியா, காலடி இருநூற்றுப் பன்னிரண்டு.
ஹாங்காங், காலடி நாற்பது, மெல்லுதல் தனி.
ஜப்பான், பூஜ்யம்.
நின்றேனே என்றேன்.
நிற்பதற்கு இதில் கட்டம் இல்லை லம்துவான் என்றார்
பேனாவை மூடியபடி.

படம் வந்தது. ஓசியில் கூப்பிடவில்லை,
நூற்றியிருபது பாட் கொடுத்து உட்கார்ந்தேன்.
சியோல்காரி இடறியபோது யாரோ சிரித்தார்கள்.
கிழவன் மென்றபோது
அரங்கமே அவனோடு சோளப்பொரி மென்றது.

அப்புறம் அந்த அறை.
பொரி நின்றது. செருமல் நின்றது.
திரையில் ஒரு பாய், ஒரு விளக்கு, அவ்வளவே.
முன்வரிசையில் பள்ளிச் சீருடைப் பையன் ஒருவன்,
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்,
ஒவ்வொன்றாக
இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கி
இருக்கைமேல் மடித்துக்கொண்டான்.

கழன்று விழுந்த அவன் செருப்பு
ரப்பர். எட்டாம் நம்பர்.
என்னிடம் இல்லாத சத்தம்.